அம்மா கேட்ட ஆறு கிழமை

அம்மாவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். முன்பக்கங்களில் தேவாரங்களும் அம்மாவின் படங்களும் இருக்கின்றன. அதற்குப் பின்னால் வரும் இந்தப் பக்கங்களை எழுதும் பொறுப்பை அப்பா என்னிடம் தந்தார். "நீதானே படிச்சனி, நீ எழுது" என்றார். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கவுன்சிலுக்கு மறுமொழி எழுதுவது, படிவம் நிரப்புவது எல்லாம் சின்ன வயதிலிருந்தே என் வேலை. இதுவும் அந்த வழியாகத்தான் என்னிடம் வந்தது. ஆனால் இதை நிரப்பக் கட்டங்கள் இல்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு வருடங்களுக்கு முன் என் அக்காவின் கலியாணம், தாலிக்குப் பொன்னுருக்கப் போகிற அன்று காலையில் நின்றுபோனது. அதை நிற்பாட்டியவர் அம்மா என்றுதான் நீங்கள் எல்லோரும் நினைத்திருக்கிறீர்கள். சிலர் அம்மாவோடு கதைப்பதை விட்டீர்கள். சிலர் கோயிலில் கண்டால் மற்றப் பக்கம் திரும்பினீர்கள். அம்மா அதற்கு ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லவில்லை. நடந்தது வேறு. அதைச் சொல்லாமல் அம்மாவின் வாழ்க்கையை எழுத எனக்கு ஏலாது. சொல்வதற்கு அக்காவிடம் சம்மதம் கேட்டேன். அவர் என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

அம்மா கரவெட்டியில் பிறந்தார். வெங்காயமும் மிளகாயும் போட்ட தோட்டக்காரக் குடும்பம். ஒரேயொரு தமையன், உங்களில் பலருக்கு நன்கு தெரிந்த எங்கள் மாமா, இப்போது லண்டனில், கிங்ஸ்பரியில் இருக்கிறார். அம்மா எட்டாம் வகுப்பில் நல்லாய்ப் படித்தவராம். கணக்கில் முதலாம் பிள்ளை. ஒன்பதாம் வகுப்புக்குப் போன அதே மாதம் இடம்பெயர வேண்டி வந்தது. இரண்டு தரம், மூன்று தரம். பள்ளிக்கூடம் அகதிமுகாம் ஆனது. திரும்பி வந்தபோது அம்மாவின் வயதுப் பிள்ளைகள் வகுப்பில் இல்லை. அவரும் போகவில்லை. இதை அம்மா ஒருநாளும் துக்கமாகச் சொன்னதில்லை. "கணக்கு மட்டும் மறக்கேல்லை" என்பார்.

இருபத்திரண்டு வயதில் மாமா அம்மாவை வெளியே எடுக்க ஏற்பாடு செய்தார். மாமா அப்போது ஜெர்மனியில். அந்த நாட்களில் எங்கள் ஆக்களில் பலர் வந்த வழியேதான், மொஸ்கோ வழியாக. அங்கிருந்து அடுத்த வழி திறக்கும்வரை பதினொரு பெண்பிள்ளைகளை ஒரு வீட்டின் ஐந்தாம் மாடியில் ஒரே அறையில் வைத்திருந்தார்கள். ஏழு மாதம். ஆக்களைக் கூட்டிப்போகும் ஏஜென்சிக்காரன் வெளியே பூட்டிக்கொண்டு திறப்பைக் கொண்டுபோவான். பொலிஸ் பிடித்தால் எல்லோருக்கும் கரைச்சல் என்பது அவன் சொன்ன காரணம். பொய்யும் இல்லை. ஆனாலும் பூட்டு பூட்டுத்தான்.

அந்த அறையைப் பற்றி அம்மா எங்களிடம் சொன்னவை கொஞ்சம். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்திலேயே பனி படிந்திருக்குமாம். பதினொரு பேருக்கும் இரண்டு தடித்த கோட்டு. ஆளுக்கொரு முறை போட்டுக்கொண்டு ஜன்னலடியில் நின்று வெளியே பார்ப்பார்களாம். வீட்டுக்காரி ஒரு ரஷ்யப் பெண்மணி. சமையலறைக்குப் போக அந்த அறையைத் தாண்டித்தான் போகவேண்டும். அவரிடம் இன்னொரு திறப்பு இருந்தது. அது அவருடைய சொந்த வீடு. இருந்தும் ஒவ்வொரு முறையும் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "மோஷ்னா?" என்று கேட்டு, உள்ளே இருந்து யாராவது குரல் கொடுத்த பிறகுதான் திறப்பார். 'வரலாமா?' என்று அர்த்தம். ஏழு மாதத்தில் அம்மா படித்த ஒரே ரஷ்யச் சொல் அதுதான். எங்கள் வீட்டிலும் அம்மா எங்கள் அறைக்கதவைத் தட்டி "மோஷ்னா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். என் சிநேகிதர்களின் தாய்மார் யாரும் கதவு தட்டுவதில்லை. எனக்கு அப்போது அதன் பெறுமதி தெரியாது. வேற்றுக்கிரகத்தில் வளர்கிறேன் என்று நினைத்தேன்.

அந்த அறைக்கு ஒருநாள் மாமாவின் தொலைபேசி வந்தது. "லண்டனிலை மாப்பிளை, நல்ல பெடியன்" என்று மாமா சொன்னதும் இணைப்பு அறுந்துவிட்டது. அடுத்த அழைப்பு வருவதற்குள் பயணம் ஏற்பாடாகிவிட்டது. இதை அம்மா ஒரு பகிடி போலத்தான் சொல்வார். "போன் கட் ஆகிட்டுது. நான் ஓம் எண்டு சொல்லேல்லை. அண்ணை ஓம் எண்டு எடுத்திட்டார்."

ஒருமுறை நான் கேட்டேன். "அப்ப அப்பாவைச் செய்தது உங்களுக்கு விருப்பமில்லையோ?"

"சீ, விசர்க்கதை கதையாதை. கொப்பர் நல்ல மனிசன். கேட்டிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்." பிறகு சொன்னார்: "ஆனாத் தம்பி, கேக்கேல்லை."

லண்டனில் முதலில் பிளேஸ்டோவில் ஒரு அறை. இன்னொரு குடும்பத்தோடு சமையலறை பங்கு. அக்கா அங்கேதான் பிறந்தார். பிறகு நான். அப்பா பெற்றோல் ஷெட்டில் வேலை, பிறகு ஒரு சாமான் கடையில். அம்மா ஒரு ட்ரைகிளீனிங் கடைக்கு வீட்டிலிருந்தே உடுப்பு அயன் பண்ணிக் கொடுத்தார். நாங்கள் செவன் கிங்ஸுக்கு வீடு மாறியபோதும் அந்தப் பலகையும் அயன் பெட்டியும் கூடவே வந்து, முன்னறை ஜன்னலடியில் நின்றன. வெள்ளைக்காரரின் சேட்டுகளுக்கு நடுவில் நானும் அக்காவும் வளர்ந்தோம். அம்மா அயன் பண்ணிய சேட்டில் கொலர் கத்தி போல நிற்கும். கடைக்காரர் வேறு யாரிடமும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை என்பதை இங்கே பெருமையோடு எழுதுகிறேன்.

அப்பாவின் முதுகு பழுதானபோது அக்கா ஏ லெவலோடு படிப்பை நிற்பாட்டி ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அதனால்தான் நான் பல்கலைக்கழகம் போனேன். இந்த வசனத்தை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. இங்கே எழுதுகிறேன்.

சரித்திரம் படித்தேன். "அதைப் படிச்சு என்ன செய்யப்போறாய்?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கடைசி வருடம் ஒரு நீண்ட ஆய்வு எழுத வேண்டும். நான் எடுத்த தலைப்பு, ரஷ்யப் பேரரசின் தொடக்க காலத்தில் பெண்களின் நிலை எப்படி மாறியது என்பது. ஏன் அதை எடுத்தாய் என்று பேராசிரியை கேட்டபோது ஒழுங்கான பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் கதவு தட்டுவார் என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், எழுதியதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லுவேன். அவர் அயன் பண்ணியபடி கேட்பார். முதல் அத்தியாயம், அந்தக் காலத்துக்கு முந்திய நிலை. பிரபு குடும்பத்துப் பெண்களுக்கு வீட்டின் மேற்பகுதியில் தனி அறைகள் இருந்தன. தேரெம் என்று பெயர். அங்கேதான் இருப்பார்கள், தைப்பார்கள், கும்பிடுவார்கள். பிற ஆண்கள் கண்ணில் படக்கூடாது. கோயிலுக்குப் போனாலும் மூடிய வண்டியில். மாப்பிள்ளையைக் கலியாணத்தன்றுதான் காண்பதும் உண்டு.

அம்மா அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஜன்னல் இருந்ததோ?"

"சின்ன ஜன்னல் இருந்திருக்கும் அம்மா."

"அப்ப எனக்குத் தெரியும், அந்த அறை" என்றார். திரும்பவும் சேட்டை எடுத்தார்.

இரண்டாம் அத்தியாயம்தான் நான் ஆசையாக எழுதியது. அந்த நாட்டைப் பேரரசாக்கி, தலைநகரைக் கடலோரத்துக்கு மாற்றிய மன்னன், பெண்களை அந்த அறைகளிலிருந்து வெளியே வரச்சொல்லிக் கட்டளை போட்டான். பழைய நீண்ட அங்கிகளை விட்டு மேற்கு நாட்டுச் சட்டைகளைப் போடவேண்டும். பெரிய வீடுகளில் கூடும் மாலை விருந்துகளுக்கு ஆண்களோடு பெண்களும் வரவேண்டும், ஆடவேண்டும், கதைக்கவேண்டும். இதை நான் 'விடுதலை' என்று தலைப்பிட்டு எழுதியிருந்தேன்.

"சட்டை எப்பிடி?" என்று அம்மா கேட்டார். கைபேசியில் ஒரு படம் காட்டினேன். கழுத்தும் தோளும் திறந்த சட்டை.

"உந்தக் குளிருக்கோ! உன்ர ராசாவுக்கு விசரே?"

"அம்மா, அது நாகரிகம்."

"வராட்டி?"

"கட்டளைதானே. வரத்தான் வேணும்."

அம்மா அயன் பெட்டியைச் சேட்டில் அழுத்தினார். நீராவி சீறியது. பிறகு சொன்னார்: "பூட்டினது தகப்பன். திறந்தது ராசா. அவளட்டை ஆர் கேட்டது?"

நான் ஏதோ மறுமொழி சொன்னேன். அது முன்னேற்றம், காலப்போக்கில் நல்லது வந்தது, பின்னால் பிரபுகுலப் பெண்கள் கலியாணத்துக்குப் பிறகும் தங்கள் சொத்தைத் தாங்களே விற்கலாம் என்று சட்டம் வந்தது, அப்போது மேற்கு ஐரோப்பாவில் பல இடங்களில் அது இல்லை, பெண்களே பேரரசிகளாக இருந்து நீண்டகாலம் ஆண்டார்கள், இப்படி எல்லாம். அம்மா தலையாட்டினார். "நல்லது. நான் கெட்டது எண்டு சொல்லேல்லை." பிறகு இன்னொன்று கேட்டார். "உந்த மேல்மாடியிலை இருந்தவை எல்லாம் பெரிய இடத்துப் பெண்டுகள். எங்களைப்போல ஆக்கள் எங்கை?"

வயலில் என்றேன். அவர்களை யாரும் மேல்மாடியில் பூட்டவும் இல்லை, விருந்துக்கு அழைக்கவும் இல்லை. பண்ணையாரின் உடைமையாக இருந்தார்கள். யாரைக் கட்டவேண்டும் என்பதையும் பெரும்பாலும் பண்ணையார்தான் தீர்மானித்தார்.

"அதையும் எழுது" என்றார் அம்மா. எட்டாம் வகுப்போடு நின்றவர். அந்த அத்தியாயத்தை நான் முழுவதும் திருப்பி எழுதினேன். 'விடுதலை' என்ற தலைப்பை எடுத்துவிட்டேன். பேராசிரியை ஓரத்தில் "இப்போதுதான் உன் குரல் கேட்கிறது" என்று எழுதியிருந்தார். யாருடைய குரல் என்று நான் சொல்லவில்லை. அது என் பிழை. இன்று திருத்துகிறேன்.

மூன்றாம் அத்தியாயத்தில்தான் இந்தக் கதை திரும்புகிறது. அதே மன்னன் கலியாணத்தைப் பற்றியும் ஒரு சட்டம் போட்டான். நிச்சயம் பண்ணி ஆறு கிழமைக்கு, அதாவது ஆறு வாரத்துக்கு, பிறகுதான் கலியாணம். அந்த ஆறு கிழமைக்குள் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவரையொருவர் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் எந்தப் பக்கமும் விலகலாம்.

அம்மா அயன் பெட்டியை நிற்பாட்டினார். சுவிட்சையே நிற்பாட்டினார். "எத்தினை கிழமை?"

"ஆறு."

"பொம்பிளையும் விலகலாமோ?"

"ஓம் அம்மா. ஆனால் நடைமுறையிலை எவ்வளவு பேர் அப்பிடிச் செய்தவை எண்டு தெரியாது."

"தெரியாட்டிப் பரவாயில்லை. உந்த ஒரு விஷயத்திலை உன்ர ராசா மனிசன்."

அந்த வாரம்தான் அக்காவுக்கு நிச்சயார்த்தம் முடிந்திருந்தது. மாமா பேசிய சம்பந்தம். மாமாவின் நெருங்கிய சிநேகிதரின் மகன். மண்டபம் பதிவாகியிருந்தது. பொன்னுருக்கல் ஒரு வெள்ளிக்கிழமை, கலியாணம் அதற்கடுத்த புதன். அம்மா சமையலறைக் கலண்டரில் விரல் வைத்து எண்ணினார். பொன்னுருக்கும் வெள்ளிவரை சரியாக ஆறு வெள்ளிகள்.

அந்த முதல் வெள்ளி பின்னேரம், விளக்கு வைத்து முடிந்ததும் அம்மா அக்காவின் அறைக்கதவைத் தட்டினார். "மோஷ்னா?" பிறகு உள்ளே போய்க் கேட்டார்: "பிள்ளை, உனக்கு இந்தக் கலியாணம் விருப்பமோ?"

அக்கா சிரித்தார். "என்னம்மா புதுசாக் கேக்கிறியள்? ஓம்."

அடுத்த வெள்ளியும் கேட்டார். அதற்கடுத்த வெள்ளியும். எனக்கு வெட்கமாக இருந்தது. என் ஆய்வை அம்மா வீட்டுச் சட்டமாக்கிவிட்டார் என்று சிநேகிதர்களுக்குச் சொல்லிச் சிரித்தேன். அப்பாவுக்கு எரிச்சல். "ஏனப்பா பிள்ளையைக் குழப்புறீர்?" என்றார். "கேட்டாக் குழம்புற பிள்ளை எண்டால், இப்பவே குழம்பட்டும்" என்றார் அம்மா. நான்காம் வெள்ளி அக்கா "ஓம்" என்றார். ஐந்தாம் வெள்ளி, "ஓம் எண்டுதானே ஒவ்வொரு கிழமையும் சொல்லுறன்" என்று கத்தினார்.

ஆறாம் வெள்ளி, பொன்னுருக்கல். எங்கள் முறை தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டில், நல்ல நேரத்தில், தாலிக்குரிய பொன்னை ஆசாரியார் உருக்குவார். உருக்கிவிட்டால் கலியாணம் பாதி முடிந்தது மாதிரி. அதற்குப் பிறகு நிற்பாட்டுவது எங்கள் ஆக்களிடம் ஒரு மரணவீட்டுக்குச் சமம். எனவே அன்று காலை தட்டங்கள் தயார். பலகாரம், பழம், பூ. அப்பா வேட்டி கட்டி வான் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அம்மா சீலை உடுத்தியபடியே மேலே போய்க் கதவைத் தட்டினார். நான் படிகளில் நின்றேன், ஒரு தட்டம் கையில்.

"விருப்பமோ பிள்ளை?"

அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா பொறுத்துப் பார்த்தார். பிறகு திரும்பவும் கேட்டார். அக்கா பேசவில்லை. கீழே இருந்து அப்பா "நேரம் போகுது" என்றார்.

"பேசாமல் இருந்தால் அது பேசாமல் இருக்கிறது மட்டும்தான்" என்று அம்மா சொன்னது எனக்குக் கேட்டது. "நான் அதை ஓம் எண்டு எடுக்கமாட்டன். வாயைத் திறந்து சொல்லு."

"அவரிலை பிழை ஒண்டுமில்லை அம்மா" என்றார் அக்கா. "நல்ல பெடியன். எனக்கு விருப்பமில்லை. காரணம் இல்லாமல் விருப்பமில்லாமல் இருக்க ஏலாதோ?"

"ஏலும்" என்றார் அம்மா.

அவ்வளவுதான் நடந்தது. இதற்குப் பின்னால் வேறு காதலும் இல்லை, நகைப் பிரச்சினையும் இல்லை. அந்தப் பெடியனிலும் அவர் குடும்பத்திலும் ஒரு குறையும் இல்லை. அவர் பிறகு நல்ல இடத்தில் கலியாணம் செய்து சந்தோஷமாக இருக்கிறார். அவர்கள் பட்ட தலைகுனிவுக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் நான் இங்கே மன்னிப்புக் கேட்கிறேன்.

அம்மா கீழே இறங்கி வந்து மாமாவுக்குப் போன் எடுத்தார். "அண்ணை, எனக்கு மனம் ஒத்துவரேல்லை. நான்தான் நிப்பாட்டுறன். பிள்ளையை ஒண்டும் கேக்காதேங்கோ." மாமா கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "படிச்ச பெடியன் வீட்டிலை இருக்கிறான் எண்ட கொழுப்பு உனக்கு!" அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவைக் கூட்டிக்கொண்டு தானே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடி எல்லா ஏச்சையும் வாங்கிக்கொண்டு வந்தார். அப்பா வழி முழுக்க வண்டியை மட்டும் ஓட்டினாராம். வீட்டுக்கு வந்ததும்தான், "எனக்காவது உண்மையைச் சொல்லும்" என்றார். அம்மா சொன்னார். அப்பா தட்டத்திலிருந்து ஒரு பயத்தம் பணியாரத்தை எடுத்துச் சாப்பிட்டபடி, "அப்ப சரி" என்றார். அப்பா எப்படிப்பட்டவர் என்பதற்கு இதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை.

ஏன் உங்கள் தலையில் போட்டீர்கள் என்று நான் கேட்டபோது அம்மா சொன்னது இதுதான்: "பெட்டை வேண்டாம் எண்டவள் எண்டால் சனம் காலத்துக்கும் கதைக்கும். தாய் ஒரு விசரி எண்டால் பிள்ளையை ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம். நான் விசரியா இருந்திட்டுப் போறன்."

மாமா கிட்டத்தட்ட நான்கு வருடம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. ஊரிலிருந்து தன்னை வெளியே எடுத்துவிட்ட தமையன். அம்மா தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் எடுப்பார். மணி அடித்து அடித்து நிற்கும். "வேலையாக்கும்" என்று வைத்துவிடுவார்.

அக்கா இதை எப்படித் தாங்கினார் என்பதை நான் பிந்தித்தான் அறிந்தேன். அம்மாவின் நோய் வருத்தம் தெரியவந்த பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் வழியில், காருக்குள் சொன்னார்: "அம்மா என்னட்டைக் கேட்டா. உலகத்திலை அவ ஒருத்திதான் கேட்டவ. ஆனால் நான் சொன்ன பதிலைத் தன்ர பதில் எண்டு ஊருக்குச் சொல்லிப்போட்டா. எனக்காகத்தான், தெரியும். ஆனா இண்டைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது, அது நான் சொன்னது எண்டு."

இதை அம்மாவின் குறையாக நான் எழுதவில்லை. பூட்டிய அறையில் இருந்து வந்தவர் கதவைத் திறந்தார். வெளியே குளிர் என்று தன் கோட்டையும் கழற்றிப் போர்த்திவிட்டார். போர்த்தும்போது கேட்கவில்லை. நான் படித்த பெரிய மன்னனால் முடியாததில் பாதியை அம்மா செய்தார். மீதி எங்களுக்கு.

புற்றுநோய் என்று தெரிந்தபோது நாள் கடந்துவிட்டிருந்தது. கடைசி நாட்களில் ஹொஸ்பிஸ் என்ற நோயாளர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். தாதியர் அறைக்குள் வரும்போது கதவைத் தட்டி, "உள்ளே வரலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு வெள்ளி மத்தியானம் மாமா வந்தார். யாரும் அழைக்கவில்லை. கிங்ஸ்பரியிலிருந்து இரண்டு ரெயில் மாறி, ஒரு பை தோடம்பழத்தோடு வந்து கட்டிலடியில் நின்றார்.

"என்ன தங்கச்சி, இப்பிடி மெலிஞ்சுபோனாய்."

"உங்கட தலையிலை மட்டும் மயிர் கிடக்குதாக்கும்" என்றார் அம்மா.

மாமா சிரித்தார், பிறகு அழுதார், பிறகு தோடம்பழம் உரிக்கத் தொடங்கினார். அம்மா கேட்டார்: "அண்ணை, மொஸ்கோவுக்குப் போன் எடுத்தனீங்கள் எல்லோ, எனக்கு மாப்பிளை பாத்து. கட் ஆன பிறகு மாப்பிளை வீட்டுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"ஓமெண்டு சொன்னனான்."

"எனக்கு விருப்பமோ எண்டு கேட்டனீங்களோ?"

"கேட்டிருப்பன்." மாமாவின் கை நின்றது. யோசித்தார். "இல்லை. கேக்கேல்லை. உன்னை அங்காலை எடுத்துப்போட வேணுமெண்ட அவதி. கேக்கத் தோன்றேல்லை."

"நான் குறையாச் சொல்லேல்லை அண்ணை. அறியத்தான் கேட்டனான்."

மாமா கண்ணைத் துடைத்தார். பக்கத்துக் கதிரையில் அப்பா வாயைத் திறந்தபடி நித்திரை. முதல் நாள் இரவும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. மாமா அவரைக் காட்டிக் கேட்டார்: "சரி, இப்ப கேக்கிறன். இந்த மாப்பிளையைச் செய்ய உனக்கு விருப்பமோ?"

அம்மா அப்பாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முதல் முறை பார்ப்பது போல. "ஆறு கிழமை தாங்கோ. யோசிச்சுச் சொல்லுறன்."

நானும் அக்காவும் சிரித்த சிரிப்பில் அப்பா எழும்பிவிட்டார். "என்ன? என்ன?"

"உங்கட கலியாணந்தான் பேசுறம். நீங்கள் படுங்கோ" என்றார் அம்மா.

அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் காலை, அப்பாவும் அக்காவும் நானும் பக்கத்தில் இருக்க, அம்மா அமைதியாகப் போய்விட்டார்.

இந்தக் கட்டுரையின் முதல் பிரதியை எழுதி முடித்து அச்சகத்துக்கு அனுப்பப் போனபோதுதான் என் மண்டையில் உறைத்தது. அக்காவின் கதையை அக்காவிடம் கேளாமலே எழுதியிருந்தேன். கதவைத் திறந்துவிட்ட இன்னொரு ராசா. மேலே போய்க் கதவைத் தட்டினேன். எங்கள் வீட்டு வழக்கப்படி கேட்டேன். தாள்களைக் கொடுத்தேன். அக்கா வாசித்துவிட்டு, "யோசிக்கவேணும்" என்றார். ஐந்து நாள் எடுத்தார். அச்சகத்தில் இருந்து இரண்டு முறை போன் வந்தது. நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் அக்கா தாள்களை எடுத்துக்கொண்டு தனியே கிங்ஸ்பரிக்குப் போனார். மாமாவிடம் தானே வாசித்துக் காட்டினார். மாமா தாள்களைத் தன் கையில் வாங்கித் திரும்பவும் பார்த்தாராம். பிறகு, "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே பிள்ளை" என்றாராம்.

"நீங்கள் என்னட்டைக் கேக்கேல்லை மாமா."

திரும்பி வந்து அக்கா என்னிடம் தாள்களைத் தந்தார். "போடு. ஓம்" என்றார். கடைசித் தாளின் அடியில் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார். அதை அப்படியே தருகிறேன்: 'இல்லை என்று சொன்னது நான். கேட்டது அம்மா.'

அம்மாவின் வருத்த காலத்தில் சோறும் கறியும் சமைத்துக் கொண்டுவந்த செவன் கிங்ஸ் அயலவர்களை, ஏச்சையெல்லாம் மறந்து கடைசி நாட்களில் வந்து கைபிடித்துக்கொண்டு இருந்த உறவுகளை, அம்மாவைக் கண்ணியமாகக் கவனித்த தாதியரை, கிரியைகளை நடத்தித் தந்த ஐயர்மாரை, இறுதி நாளில் கடையைப் பூட்டிவிட்டு வந்து பின்வரிசையில் நின்ற ட்ரைகிளீனிங் கடை முதலாளியை, தேவாரம் பாடியவர்களை, இன்று இங்கே வந்து எங்களோடு பந்தியில் இருக்கும் உங்கள் ஒவ்வொருவரையும் நன்றியோடு நினைக்கிறோம். இறுதிக் கிரியையில் அக்காவோடு சேர்ந்து அம்மாவின் கால்மாட்டில் நின்ற மாமாவையும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். முன்னறையில், அம்மாவின் பலகையில், இன்றைய நாளுக்குக் கட்டவேண்டிய வேட்டியைத் தானே அயன் பண்ணிக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் முதல் முறை. கரையில் ஒரு இடம் லேசாகக் கருகியிருந்தது. கேட்டு முடித்ததும் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். அம்மா மாமாவிடம் தவணை கேட்ட நாளிலிருந்து, முப்பத்தோராம் நாளோடு, சரியாக ஆறு கிழமை.

"அம்மா ஓம் எண்டுதான் சொல்லியிருப்பா அப்பா" என்றேன்.

"சொல்லியிருப்பா." அவர் வேட்டியின் மற்றக் கரையை விரித்தார். "ஆனால் சொல்லேல்லை. நானா எடுக்கக்கூடாது. வெள்ளிக்கிழமையளிலை கேட்டுக்கொண்டு இருப்பன்."

— மகன்